“உன் லினக்ஸ் காலாவதியானது”: 1992-இல் ஒரு பேராசிரியரும் ஒரு மாணவரும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஓபன் சோர்ஸில் கோட் எழுத ஆரம்பித்தவர்கள், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், இவங்களுக்கான எபிசோடு இது. லேப்டாப்பில் நல்ல நல்ல ப்ராஜெக்ட் எல்லாம் வைத்திருப்பாங்க. ஆனா பப்ளிக்கா போடமாட்டாங்க. ஏன்னு கேட்டா பதில் ஒன்னுதான்: “யாராவது பெரிய ஆளு வந்து கழுவி ஊத்திட்டா என்ன பண்றது?”

நியாயமான பயம். அதனால கம்ப்யூட்டர் வரலாற்றிலேயே ரொம்பப் பிரபலமான ஒரு கழுவி ஊற்றலை எடுத்துக்குவோம். திட்டினவரும் திட்டு வாங்கினவரும் அதுக்குப் பிறகு என்ன செய்தாங்க என்பதுதான் எனக்கு முக்கியம். சண்டை எல்லாருக்கும் தெரியும், அதன் பிறகு நடந்ததைப் பற்றி யாரும் அவ்வளவா பேசுவதில்லை.

ஆண்ட்ரூ டானன்பாம். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இந்தப் பெயரைத் தனியா அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெட்வொர்க்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் இரண்டுக்கும் அவருடைய புத்தகத்தின் ஜெராக்ஸாவது நம்ம கைக்கு வந்திருக்கும். ஆம்ஸ்டர்டாமில் உள்ள வ்ரையே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மாணவர்கள் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உள்ளே பிரிச்சுப் பார்த்துப் படிக்கணும் என்பதற்காக 1987-இல் மினிக்ஸ் என்று ஒன்றை எழுதி, பாடப்புத்தகத்தோடு வெளியிட்டார். அதை வைத்துப் பேச யூஸ்நெட்டில் ஒரு நியூஸ்குரூப்பும் உருவாச்சு. வெப் எல்லாம் பரவாத காலம். உலகம் முழுக்க ஆப்பரேட்டிங் சிஸ்டம் பைத்தியங்கள் கூடுகிற இடம் அது.

ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸும் அந்தப் பைத்தியங்களில் ஒருத்தர். டானன்பாமின் புத்தகத்தைப் படித்தார், 169 டாலர் விலையுள்ள மினிக்ஸை வாங்கினார், தன்னுடைய 386 கம்ப்யூட்டரில் போட்டார். 1991 ஆகஸ்ட் 25 அன்று அதே குரூப்பில், நான் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதிட்டு இருக்கேன், பொழுதுபோக்குதான், பெருசா எல்லாம் வராது என்கிற மாதிரி ஒரு குறிப்புப் போட்டார். அதுதான் லினக்ஸ்.

ஐந்து மாசம் போச்சு. மினிக்ஸ் குரூப்பில் மினிக்ஸைவிட லினக்ஸ் பேச்சு அதிகமாகிக்கொண்டே வந்தது. 1992 ஜனவரி 29 அன்று டானன்பாம் ஒரு பதிவு போட்டார். தலைப்பு: லினக்ஸ் காலாவதியானது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு வயசு 22. யாருடைய புத்தகத்தைப் படிச்சு இந்த வேலைக்குள்ளேயே வந்தீங்களோ, அதே ஆள், அந்தத் துறையே கூடியிருக்கிற சபையில், நீங்க எழுதினது பழைய சரக்கு என்று தலைப்பிலேயே போடுகிறார். இந்தப் பக்கம் லினக்ஸ் அப்போ ஒரு சின்னக் கூட்டத்தின் விளையாட்டுதான். பேராசிரியரே சொல்லிட்டாரேன்னு அந்தக் கூட்டம் கலைஞ்சு போயிருந்தால், அதோடு கதை முடிஞ்சிருக்கும்.

அவர் வைத்த குற்றச்சாட்டு முக்கியமா இரண்டு. முதலாவது, லினக்ஸ் மோனோலித்திக் கெர்னல். இதைப் புரியவைக்க ஒரு ஹோட்டல் சமையலறையை எடுத்துக்குவோம். ஒரே அடுப்படியில் தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர் எல்லாரும் நிக்கிறாங்க. சத்தம் போட்டா போதும், வேலை கடகடன்னு நடக்கும். ஆனா ஒருத்தர் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துட்டா மொத்தக் கடையையும் மூடணும். இது மோனோலித்திக். இன்னொரு ஹோட்டலில் ஒவ்வொரு மாஸ்டருக்கும் தனி அறை. என்ன வேணும்னாலும் சீட்டு எழுதி ஜன்னல் வழியா கொடுக்கணும். நடுவில் இருக்கிறவர் சீட்டைக் கைமாற்றிவிடுவார், அவ்வளவுதான். ஒரு அறையில் தீப்பிடிச்சா அந்த அறையை மட்டும் சாத்திட்டு வேற மாஸ்டரை வைத்து ஓட்டலாம். ஆனா சீட்டு எழுதி எழுதியே நேரம் போகும். இது மைக்ரோகெர்னல். மினிக்ஸ் இந்த இரண்டாவது வகை. 1991-இல் போய் மோனோலித்திக்கா எழுதுவது எழுபதுகளுக்குத் திரும்பிப் போவது மாதிரி என்பது டானன்பாமின் வாதம்.

இரண்டாவது, லினக்ஸ் 386 சிப்போடு ஒட்டிக்கிடக்கு, வேற வகைக் கம்ப்யூட்டருக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. என்னைக் கேட்டால், இரண்டும் உண்மையான டெக்னிக்கல் விமர்சனம். தலைப்புதான் கொஞ்சம் ஓவர்.

லினஸ் அன்றைக்கு ராத்திரியே பதில் போட்டார். அதை அழகான பதில் என்று சொல்ல முடியாது. மினிக்ஸை வைத்துக் காசு பார்ப்பது யாரு, லினக்ஸை இலவசமா கொடுப்பது யாரு என்று கேட்டார். பேராசிரியராகவும் ஆராய்ச்சியாளராகவும் இருப்பது மினிக்ஸின் கோளாறுகளுக்கு நல்ல சாக்குதான் என்று ஒரு குத்து வேற. நம்ம காலேஜில் எச்ஓடியிடம் இப்படிப் பேசினா இன்டர்னல் மார்க் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா அந்தக் கோபமான பதிலுக்குள்ளேயே ஒரு விஷயம் இருக்கு. தியரிப்படியும் அழகியல்படியும் பார்த்தால் மைக்ரோகெர்னல்தான் மேல், அந்த இடத்தில் லினக்ஸ் தோற்கிறது என்று நேரடியா ஒத்துக்கொள்கிறார். அதை ஒத்துக்கொண்ட பிறகுதான், அந்தத் தியரியை மினிக்ஸ் சரியா செஞ்சிருக்கா என்று திருப்பிக் கேட்கிறார். ஒரே நேரத்தில் ஒரு ஃபைல் வேலைக்கு மேல் பார்க்க முடியாத மினிக்ஸ் ஃபைல் சிஸ்டத்தைச் சுட்டிக்காட்டுகிறார். குத்தை மட்டும் எடுத்துட்டுப் படிச்சா அருமையான டிசைன் ரிவ்யூ பதில் அது. போர்ட்டபிலிட்டி விஷயத்தில் மட்டும் நழுவினார். புதுசா ப்ரோக்ராம் எழுதத் தெரியாதவங்களுக்குத்தான் அது தேவை என்று ஒரு ஜோக் அடிச்சார். இந்த ஜோக்கை ஞாபகம் வச்சுக்கோங்க.

மறுநாள் ஒரு மன்னிப்புப் பதிவு வருகிறது. எனக்கு மொத்தக் கதையிலும் பிடிச்ச இடம் இதுதான். யாரோ ஒருத்தர் லினஸுக்குத் தனியா கடிதம் போட்டு, இப்படியெல்லாம் பேசக்கூடாதுப்பா என்று நட்பா சொல்லியிருக்கார். லினஸ் பொதுவில் வந்து அவருக்கு நன்றி சொல்லி, டானன்பாமிடம் மன்னிப்புக் கேட்கிறார். நாகரிகம் பார்க்காமல் பதில் போட்டுட்டேன், ரொம்ப ஓவரா பண்ணிட்டேன், இப்போ அவருக்குத் தனிக்கடிதம் எழுதிட்டு இருக்கேன், இது என் முதல் சண்டை, கடைசியாவும் இருக்கும்னு நம்புறேன் என்கிறார்.

ஆனா எதை வாபஸ் வாங்கினார் என்று கவனிங்க. தொனியை மட்டும்தான். லினக்ஸ் காலாவதியானது என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை, ஆனாலும் விமர்சனத்தில் சிலது சரி என்று அதே பதிவிலேயே இருக்கு. மன்னிப்புக் கேட்கும்போது நம்மில் பலர் இரண்டையும் சேர்த்துக் குழப்பிடுவோம். ஒன்னு, “ஆமாம் சார், நான் எழுதினது எல்லாமே குப்பை சார்” என்று காலில் விழுவோம். இல்லைன்னா, “என் கருத்து சரிதானே, அப்புறம் எதுக்கு ஸாரி கேட்கணும்” என்று முறைச்சுக்கிட்டு நிற்போம். பேசின விதம் ஒரு கணக்கு, பேசின விஷயம் இன்னொரு கணக்கு. லினஸ் ஒன்றைத் தீர்த்துட்டு மற்றதைத் திறந்தே வைத்தார்.

டானன்பாம் பக்கமும் பார்க்கணும். அவரும் அன்றைக்குத் திட்டு வாங்கினவர்தானே? 47 வயசுப் பேராசிரியரை, அவர் எழுதின சிஸ்டத்தின் பெயரில் இருக்கிற குரூப்பிலேயே ஒரு பையன் வாரிவிட்டிருக்கான். அவர் “நான் யாரு தெரியுமா” என்று ஆரம்பிக்கவில்லை. மினிக்ஸ் ஏன் இவ்வளவு சின்னதா இருக்குன்னு விளக்கினார்: ஹார்ட் டிஸ்க் கூட இல்லாத மலிவான கம்ப்யூட்டர் வைத்திருக்கிற மாணவனுக்கும் அது ஓடணும், அவனுக்கு முழுசாப் புரியணும். கருத்தில் ஒரு அங்குலம் கூட இறங்கவில்லை. நீ என் மாணவனா இல்லாதது உன் அதிர்ஷ்டம், இந்த டிசைனுக்கு நல்ல மார்க் கிடைச்சிருக்காது என்று சொல்லி, ஒரு சிரிப்புக் குறியையும் போட்டார். லினஸும் அதே சிரிப்போடு, நீங்க இல்லாமலேயே எனக்கு நல்ல மார்க் வரப்போறதில்லை, இங்கே ஆப்பரேட்டிங் சிஸ்டம் எடுக்கிறவரோடயும் வேற ஒரு விஷயத்தில் வாக்குவாதம் ஆயிடுச்சு என்று பதில் சொன்னார். அந்தச் சிரிப்புக் குறிகள் இல்லாமல் படிச்சா இரண்டு வரியும் விஷம்.

நல்ல சாஃப்ட்வேர் எழுத்தாளர்கள் விமர்சனத்துக்கு உண்மையான பதிலைக் கமிட்டில்தான் கொடுப்பாங்க. போர்ட்டபிலிட்டி ஜோக் ஞாபகம் இருக்கா? 1994-இல் டெக் நிறுவனத்தில் இருந்த ஜான் ஹால் முயற்சியெடுத்து லினஸுக்கு ஒரு ஆல்ஃபா கம்ப்யூட்டரை ஏற்பாடு செய்தார். 386-க்கும் ஆல்ஃபாவுக்கும் சம்பந்தமே கிடையாது. அது 64 பிட் சிப். லினஸ் உட்கார்ந்து, சிப்பைச் சார்ந்த பகுதியையும் சாராத பகுதியையும் பிரிச்சார். 1995 மார்ச்சில் வந்த லினக்ஸ் 1.2, ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் மூன்றையும் ஆதரித்தது. இன்றைக்கு உங்க ஆண்ட்ராய்டு போனில் ஏஆர்எம் சிப் மேல் லினக்ஸ் ஓடுதுன்னா அடிப்படை இந்தப் பிரிப்புதான். பேராசிரியர் வைத்த இரண்டாவது குற்றச்சாட்டு மூன்றே வருஷத்தில் காணாமல் போச்சு. முதல் குற்றச்சாட்டை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. லினக்ஸ் இன்றும் மோனோலித்திக்தான். இரண்டு விமர்சனத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டிருக்கார், அவ்வளவுதான்.

டானன்பாமின் கணிப்புகளும் சில தப்பாப் போச்சு. உலகம் முழுக்கச் சிதறிக்கிடக்கிற ஆயிரம் பேரை ஒருங்கிணைப்பது பூனைகளை மேய்ப்பது மாதிரி என்றார். லினஸ் மேய்ச்சுக் காட்டினார்.

இப்போ 2004-க்கு வருவோம். வாஷிங்டன் பக்கம் அலெக்ஸிஸ் டி டோக்வில் இன்ஸ்டிடியூஷன் என்று ஒரு அமைப்பு. அதன் தலைவர் கென் பிரவுன் ஆம்ஸ்டர்டாம் வரை போய் டானன்பாமைப் பேட்டி எடுத்தார். ஒரு மாணவன் தனியா உட்கார்ந்து கெர்னல் எழுத முடியுமா, மினிக்ஸில் இருந்து திருடியிருக்கணும் இல்லையா என்பது அவருடைய கோணம். பழைய பகையைத் தீர்த்துக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா சொல்லுங்க? பேராசிரியர் ஒன்னும் சொல்லாமல் மழுப்பினாலே போதும், லினஸ் பெயர் நாறிப்போயிருக்கும்.

டானன்பாம் 2004 மே மாசம் தன்னுடைய இணையப்பக்கத்தில் எல்லாத்தையும் எழுதினார். லினக்ஸை எழுதினது லினஸ்தான். ஒரே ஆள் இந்த மாதிரி சிஸ்டம் எழுதுவது ஒன்னும் அதிசயம் இல்லை, நானே மினிக்ஸை அப்படித்தான் எழுதினேன். எனக்கு லினஸ் மேல் கோபமும் கிடையாது. இதுக்கு மேல் ஒன்று: பிரவுனுக்காகவே பழைய லினக்ஸையும் மினிக்ஸையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த ப்ரோக்ராமர், காப்பியடிச்சதா எதுவும் கிடைக்கலைன்னு சொன்னதையும் டானன்பாம் வெளியிட்டார். இவ்வளவும் எழுதிட்டு, ஆனாலும் மைக்ரோகெர்னல்தான் சரி என்பதையும் விடாமல் சொல்லிட்டார் மனுஷன். 12 வருஷம் ஆகியும் டிசைனுக்கு மார்க் கூட்டவே இல்லை.

லினஸ் அந்த 1992 மன்னிப்போடு திருந்திட்டாரா என்று கேட்பீங்க. இல்லை. பேட்ச் அனுப்பினவங்களை அவர் மெயிலில் வறுத்தெடுத்தது பிரசித்தம். திட்டு வாங்கினவர், காலம் போகப் போக, திட்டுகிறவராக மாறினார். 2018 செப்டம்பர் 16 அன்று, லினக்ஸ் 4.19-இன் சோதனைப் பதிப்பை அறிவிச்ச மெயிலிலேயே, தன் மெயில்களால் காயப்பட்டவங்களிடம் மன்னிப்புக் கேட்டு, மற்றவங்க உணர்ச்சியைப் புரிஞ்சுக்க உதவி தேடப் போறேன் என்று சொல்லி, பொறுப்பைக் கிரெக் குரோவா-ஹார்ட்மனிடம் கொடுத்துட்டு ஒரு மாசம் போல விலகி இருந்தார். டெக்னிக்கல் சரக்கு நல்லா இருந்தா எப்படி வேணா திட்டலாம் என்று இன்னும் நம்புகிற டீம் லீடுகள் உங்க ஆபீஸில் இருந்தா இதைச் சொல்லிப் பாருங்க. அவங்க எப்பவும் உதாரணம் காட்டுவது லினஸைத்தானே.

டானன்பாம் கதையில் ஒரு சின்னத் திருப்பம் பாக்கி இருக்கு. இன்டெல் சிப்புகளுக்குள்ளே மேனேஜ்மென்ட் இன்ஜின் என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு. அதன் புதிய பதிப்புகளில் ஓடுவது மினிக்ஸ் 3 என்று 2017-இல் வெளியே வந்தது. இன்டெல் அவரிடம் சொல்லவே இல்லை. மினிக்ஸின் லைசென்ஸ்படி சொல்லணும்னு கட்டாயமும் இல்லை. அவர் இன்டெலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பயன்படுத்தினதுக்கு நன்றி, மரியாதைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதுதான் சாரம். லினக்ஸ் லேப்டாப்பில் இந்த எபிசோடைப் படிக்கிறவங்களில் பலருக்குக் கீழே மினிக்ஸும் ஓடிட்டு இருக்கலாம்.

1992-இன் மொத்த உரையாடலும் ‘ஓபன் சோர்சஸ்’ என்கிற 1999 புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கு, இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். படிக்கும்போது ஒவ்வொரு பதிவின் மேலே இருக்கிற தேதியையும் நேரத்தையும் பாருங்க. லினஸின் கோபமான பதிலுக்கும் மன்னிப்புக்கும் நடுவில் ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கு. அடுத்த எபிசோடில், ஒரு புல் ரிக்வெஸ்ட் ஏன் மாசக்கணக்கில் அப்படியே கிடக்குது என்பதைப் பேசலாம்.