உங்களுக்குத் தெரியுமா? வயிற்றைக் காக்கும் உறைப்பு!

கொச்சிக்காய் வயிற்றைப் புண்ணாக்கும் என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் எச்சரிக்கை. ஆய்வுக்கூடம் வேறு கதை சொல்கிறது.

மாத்தளை மாவட்டத்தின் கலேவெல, தம்புள்ள பக்கத் தோட்டங்களில் விளையும் கொச்சிக்காய்க்கு உறைப்பைத் தருவது கேப்சைசின் என்ற இயற்கைச் சேர்மம். வயிற்றின் உட்சுவரை மூடிக் காப்பது ஒரு சளிப்படலம். கடும் மதுபானம் அதைக் குலைத்து, அடியிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சிதைக்கிறது. கசிவும் புண்ணும் அப்படித்தான் தொடங்குகின்றன. ஆஸ்திரிய ஆய்வாளர் பீட்டர் ஹோல்சரும் அவரது சகாவும் 1988இல் வெளியிட்ட எலி ஆய்வு வியப்பூட்டியது. வயிற்றுக்குள் செலுத்திய கேப்சைசின், மதுசாரம் உண்டாக்கும் சேதத்தைக் குறைத்தது! உறைப்பை உணரும் நரம்புகள் தூண்டப்பட்டால் உட்சுவருக்கு இரத்த ஓட்டம் பெருகும். காவலின் சூட்சுமம் அதுதான்.

மனிதரில்? சிங்கப்பூர் மருத்துவர்களின் 1995ஆம் ஆண்டு ஆய்வில் 18 பேர், 20 கிராம் மிளகாய்த்தூளை நீரில் கலந்து குடித்துவிட்டு 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் விழுங்கினார்கள். வெறும் நீருடன் விழுங்கியபோது ஏற்பட்டதைவிட வயிற்றுக் காயம் குறைவு. அங்கே சோதித்தது ஆஸ்பிரினை, மதுவை அல்ல என்பது முக்கியம்.

ஆகவே சாராயத்துக்குக் காரமான 'பைட்ஸ்' மருந்தாகிவிடாது. கல்லீரலை மிளகாய் காப்பாற்றாது. மது புற்றுநோய் தரும் என்பது 1988இலேயே உலக அளவில் உறுதியானது. குடிப்பவர் வீட்டில் இருந்தால், வயிற்றெரிவு நீடித்தாலோ மலம் கறுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.