மாமா, இது டிஸ்கோ இல்லை!

போன ஞாயிற்றுக்கிழமை என் மானம் போனது. போக்கியவன், சொந்த அக்கா பையன். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். காதில் ஹெட்போன், கண் பாதி மூடிய நிலை, தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். நான் ஒரு பக்கத்தைப் பிடுங்கி என் காதில் வைத்துக்கொண்டேன். 'டம்... டம்... டம்... டம்...'

"என்னடா, டிஸ்கோவா?" என்றேன்.

அவன் பார்த்த பார்வை இருக்கிறதே! கச்சேரி முடித்துவிட்டு வரும் வித்வானிடம் போய், 'பஜனை நல்லா இருந்தது' என்று சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி.

"மாமா, இது டிஸ்கோ இல்லை. மெலோடிக் டெக்னோ."

"சரி, டெக்னோ."

"வெறும் டெக்னோன்னா அது வேற, மாமா."

அப்புறம் ஆரம்பித்தான். ஹவுஸ், டீப் ஹவுஸ், டெக் ஹவுஸ், ஆஸிட் ஹவுஸ், ட்ரான்ஸ், கோவா ட்ரான்ஸ், ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ், கராஜ், ஸ்பீட் கராஜ், டப்ஸ்டெப், கேபர்... ஹோட்டல் சர்வர் மூச்சு விடாமல் சாதா, மசால், ரவா, நெய் ரோஸ்ட் என்று ஒப்பிப்பாரே, அதே வேகம். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மாவு ஒன்று, தோசை ஐம்பது.

நான் பி.காம். ஒரே கணக்கை ஐம்பது தலைப்பாகப் பிரித்து எழுதியிருந்தால், எங்கேயோ யாரோ லாபம் பார்த்திருக்கிறார்கள், யாருக்கோ பாக்கி நிற்கிறது என்று எங்கள் அக்கவுண்டன்ஸி வாத்தியார் சொல்வார். ஒரு வாரம் உட்கார்ந்து இந்தப் பேரேட்டைப் புரட்டினேன். வாத்தியார் சொன்னது சரி.

குடோனில் பிறந்த 'வீடு'

டிஸ்கோ முதலில் நியூயார்க் கிளப்புகளில் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடி ஆடிய சங்கீதம். 1977-க்குப் பிறகு சினிமாவும் ரேடியோவும் சேர்ந்து அதை ஊர் முழுக்க ஒலிக்கவிட, எரிச்சல்பட்டவர்களும் பெருகினார்கள். 1979 ஜூலை 12-ஆம் தேதி சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு கூத்து. டிஸ்கோ ரெக்கார்டு ஒன்றைக் கொண்டு வந்தால் டிக்கெட் 98 சென்ட்தான். வந்து குவிந்த ரெக்கார்டுகளை மைதானத்தின் நடுவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அன்றைய இரண்டாவது ஆட்டமே ரத்து.

அன்று அங்கே சீட் காட்டும் வேலையில் ஒரு கறுப்பினப் பையன் நின்றிருந்தான். வின்ஸ் லாரன்ஸ். ஸிந்தஸைஸர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவன். ஜனங்கள் எறிந்ததில் டிஸ்கோ மட்டும் இல்லை, கறுப்பர்கள் பாடிய எல்லா ரெக்கார்டுகளும் இருந்தன என்று பிற்பாடு சொன்னார். அதே லாரன்ஸ்தான் 1984-ல் ஜெஸி ஸாண்டர்ஸுடன் சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' என்ற ரெக்கார்டைக் கொண்டு வந்தார். ஆரம்பகால ஹவுஸ் ரெக்கார்டுகளில் ஒன்று அது. டிஸ்கோவைக் கொளுத்திய ஊரிலேயே, கொளுத்தியதைப் பார்த்த பையனே, அதன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டினான்!

அது சரி, 'ஹவுஸ்' என்று ஏன் பெயர்? வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிகாகோவில் 1977-ல் 'வேர்ஹவுஸ்' என்று ஒரு கிளப் திறந்தார்கள். அதாவது குடோன். அங்கே ரெக்கார்டு சுழற்றியவர் ஃப்ராங்கி நக்கிள்ஸ். கறுப்பினத்து, லத்தீன் ஓரினச் சேர்க்கையாளர்கள்தான் அங்கே முக்கிய வாடிக்கையாளர்கள். 'அங்கே போட்ட பாட்டு இருக்கா?' என்று ரெக்கார்டு கடைக்கு ஆள் வர வர, கடைக்காரர் 'வேர்ஹவுஸில் கேட்டது' என்று பெட்டியில் சீட்டு ஒட்டினாராம். சீட்டு சுருங்கிச் சுருங்கி 'ஹவுஸ்' ஆகிவிட்டது.

'கராஜ்' கதையும் இதே. நியூயார்க்கில் 'பாரடைஸ் கராஜ்' கிளப், முன்னாள் கார் ஷெட். பெரிய பெரிய சபாக்களில் இடம் கிடைக்காத சங்கீதம், குடோனிலும் ஷெட்டிலும் போய்ப் பிறந்து, அந்த விலாசத்தையே பெயராக வைத்துக்கொண்டது.

'டெக்னோ' மட்டும் கொஞ்சம் படித்த பெயர். டெட்ராய்ட் பக்கத்தில் பெல்வில் என்ற சின்ன ஊர்ப் பள்ளிக்கூட சிநேகிதர்கள் மூன்று பேர்: யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் ஸாண்டர்ஸன். இவர்கள் பாட்டுகளைத் தொகுத்து 1988-ல் இங்கிலாந்தில் ஓர் ஆல்பம் போட்டார்கள். 'டெட்ராய்ட்டின் ஹவுஸ்' என்பதுபோல் தலைப்பு வைப்பதாகத்தான் முதலில் பேச்சு. அட்கின்ஸ் 'டெக்னோ மியூஸிக்' என்று ஒரு பாட்டைக் கொண்டுவந்து கொடுக்க, தலைப்பு மாறியது. பக்கத்து ஊர்க்காரனின் கிளை ஆபீஸாக இருக்க யாருக்குத்தான் இஷ்டம்?

விலைபோகாத சரக்கு

ஆஸிட் ஹவுஸ் கதை, மார்க்கெட்டிங் பாடப்புத்தகத்தில் சேர்க்கவேண்டிய கதை. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் 'டி.பி. 303' என்று ஒரு சின்னப் பெட்டி போட்டது. கிடார் பழகுகிறவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் என்று விளம்பரம். வாசித்தது. ஆனால் பேஸ் கிடார் மாதிரி இல்லை. வயிறு சரியில்லாத தவளை மாதிரி இருந்தது. 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். சரக்கு செகண்ட் ஹாண்ட் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வந்தது.

கையில் காசில்லாத சிகாகோ பையன்கள் மூன்று பேர் அதை வாங்கி, தொடக்கூடாத குமிழ்களையெல்லாம் திருகினார்கள். தவளை அழுதது, சிரித்தது, கொதித்தது. 1987-ல் 'ஃப்யூச்சர்' என்ற பெயரில் அவர்கள் விட்ட ரெக்கார்டு 'ஆஸிட் ட்ராக்ஸ்'. ஒரு புது வகையே பிறந்துவிட்டது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பம்பாய் ஹிந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்த சரண்ஜித் சிங், இதே 303-ஐ வைத்து 1982-லேயே பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் எல்.பி. வெளியிட்டார். சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்பு! யாரும் வாங்கவில்லை. 2010-ல் அதை மறுபடி வெளியிட்டபோது, 'ஆஸிட் ஹவுஸ் இந்தியாவில் பிறந்ததா?' என்று வெளிநாட்டு ரசிகர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். சிகாகோ பையன்கள் இவரைக் கேட்டதில்லை, இவரும் புது வகை எதுவும் ஆரம்பிக்கவில்லை, ராகம்தான் வாசித்தார். சரக்கு இருந்தது, கூப்பிடப் பெயர் இல்லை. பெயர் இருந்திருந்தால் எந்தப் பெட்டியிலாவது ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள்.

எட்டு சதவிகிதக் கணக்கு

இத்தனை பிரிவு தேவையா? ரசிகர்களின் பீற்றல் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டதும் புரிந்தது.

டி.ஜே. இரண்டு டர்ன்டேபிள் வைத்திருப்பார். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து, தாளம் பிசகாமல் இணைக்கவேண்டும். உலகம் பூரா கிளப்புகளில் இருந்த டெக்னிக்ஸ் மெஷினில் வேகத்தை எட்டு சதவிகிதம் கூட்டலாம், எட்டு சதவிகிதம் குறைக்கலாம். அவ்வளவுதான். நிமிஷத்துக்கு 125 தட்டு உள்ள ஹவுஸ் ரெக்கார்டை 115-லிருந்து 135 வரை இழுக்கலாம். டிரம் அண்ட் பேஸ் 170 பக்கம் ஓடும். ராட்டர்டாமில் பிறந்த கேபர் அதற்கும் மேலே போகும் (கேட்டால் பல் வலி வரும்). இவற்றை ஹவுஸோடு சேர்ப்பது, மாட்டு வண்டியையும் மோட்டார் பைக்கையும் ஒரே நுகத்தடியில் பூட்டுகிற மாதிரி. ஆகவே கடைக்காரர் வேகத்துக்கு ஒரு பெட்டி வைத்தார். பெட்டிக்கு ஒரு பெயர். பெயருக்கு ஒரு கோஷ்டி. கோஷ்டிக்கு ஒரு கிளப். பங்காளிச் சண்டை தானாக வந்தது.

பெயர் மாற்றுவதிலும் காரணம் உண்டு. லண்டனில் 1990-களின் ஆரம்பத்தில் ரெக்கே சவுண்ட் சிஸ்டம் வழி வந்த கறுப்பின இளைஞர்களும், அவர்களோடு வளர்ந்த வெள்ளைக்காரப் பையன்களும், திருட்டு ரேடியோ ஸ்டேஷன்கள் வைத்துப் பரப்பிய சங்கீதம் ஜங்கிள். 'ஜங்கிள்' என்றால் அடிதடி என்று கெட்ட பெயர் வந்ததும், கொஞ்சம் இஸ்திரி போட்டு 'டிரம் அண்ட் பேஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ரிப்பேர் கடைக்கு 'சர்வீஸ் சென்டர்' என்று போர்டு மாற்றினால் சார்ஜ் ஏறுமே, அப்படி.

கடைக்காரர் பெயர் வைத்தார், ரசிகர் பெயர் வைத்தார். கடைசியில் சர்க்காரும் வந்தது! திறந்தவெளியில் ராத்திரி முழுக்க நடக்கும் 'ரேவ்' கூட்டங்களை அடக்க, பிரிட்டிஷ் பார்லிமென்ட் 1994-ல் ஒரு சட்டம் போட்டது. திரும்பத் திரும்ப வரும் தட்டுகளைக் கொண்ட ஓசையும் இதில் சேர்த்தி என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த விளக்கப்படி சுவர்க் கடிகாரமும் குற்றவாளிதான். ஆடெக்கர் என்ற இரட்டையர் சட்டம் அமலாவதற்கு முன்பே ஒரு ரெக்கார்டு விட்டார்கள். அதில் ஒரு பாட்டில் எந்த இரண்டு தாளக்கட்டும் ஒன்றுபோல் வராது. ஆகவே சட்டப்படி போடலாம், ஆனால் போலீஸ் வந்தால் நிரூபிக்க ஒரு வக்கீலையும் ஒரு சங்கீத நிபுணரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று உறையில் அச்சடித்திருந்தார்கள்!

ஆறு விநாடி பாக்கி

வியாழக்கிழமை ராத்திரி அக்கா பையன் தயங்கித் தயங்கி வந்தான்.

"மாமா, நானே ஒண்ணு பண்ணியிருக்கேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க. கேக்கறீங்களா?"

லேப்டாப்பில் செய்த மூன்று நிமிஷப் பாட்டு. ஆரம்பத்தில் ஏதோ மழை மாதிரி. அப்புறம் படபடவென்று ஒரு டிரம் புகுந்தது. நிஜமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது.

"இது என்ன வகைடா?"

முகம் வாடிவிட்டது. "அதான் மாமா பிரச்னை. எதுலயும் சேரலை."

"அது கிடக்கட்டும். அந்த டிரம் யார் வாசிச்சது?"

"அது... ஸாம்பிள் மாமா. எல்லாரும் போடறதுதான். ஆமென் பிரேக்னு சொல்லுவாங்க."

"பேர் சொல்றே. வாசிச்ச ஆளு யாரு?"

பதில் இல்லை. ஐம்பது வகை சொன்ன வாய்!

அந்த வாரம் பூரா பேரேடு புரட்டியவன் ஆயிற்றே, நான் சொன்னேன். 1969-ல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற அமெரிக்கக் குழு ஒரு ரெக்கார்டு போட்டது. அதன் பின்பக்கத்தில், இடத்தை நிரப்ப, 'ஆமென், பிரதர்' என்று ஒரு வாத்தியப் பாட்டு. நடுவில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, டிரம்காரர் மட்டும் நாலு தாளக்கட்டு வாசிப்பார். ஆறேழு விநாடி. 1980-களில் ஸாம்ப்ளர் மெஷின் வந்ததும் அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள். முதலில் ஹிப் ஹாப்காரர்கள். பிறகு லண்டன் பையன்கள் அதை வேகமாக்கி, கொத்துப் பரோட்டா மாதிரிக் கொத்தி, அதன் மேலேயே ஜங்கிளைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த ஆறு விநாடி இருக்கிறது.

வாசித்தவர் கிரிகரி கோல்மேன். ராயல்டி என்று ஒரு காசு பார்க்கவில்லை. 2006-ல் அட்லாண்டாவில் தங்க வீடில்லாமல், கையில் ஒன்றுமில்லாமல் இறந்து போனார். 2015-ல் பிரிட்டிஷ் ரசிகர்கள் வசூல் செய்து சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள், குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்ஸருக்கு. கோல்மேனுக்குக் கொடுக்க, கோல்மேன் இல்லை.

பையன் ஒன்றும் பேசவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஆறு விநாடியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். தலையை ஆட்டவில்லை.

இந்த வகைப் பெயர்களைக் கிண்டல் செய்வதை நான் நிறுத்திவிட்டேன். இடம் கிடைக்காத பையன்கள், 'இது எங்களுது' என்று சொல்ல வைத்துக்கொண்ட பெயர்கள் அவை. தப்பே இல்லை. ஆனால் பெட்டிக்கு ஐம்பது சீட்டு எழுதி ஒட்டியவர்கள், வாசித்தவனுக்கு ஒரு சீட்டு எழுத மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அந்தப் பாட்டை என் செல்போனுக்கு அனுப்பியிருந்தான். 'வகை' என்ற இடத்தில் ஒன்றுமில்லை. கீழே ஒரு வரி: 'டிரம்ஸ்: கிரிகரி கோல்மேன், 1969.'

கணக்கு டேலியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். என்ட்ரியாவது விழுந்ததே.