குளிர்கடல் மீனும் நம் மத்தியும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், உத்திரகாவேரி பாயும் பிரதேசத்தில் அமைந்திருக்கும் ஒடுகத்தூர், வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையால் பேர் பெற்ற ஊரேயன்றி, மீனால் பேர் பெற்ற ஊரன்று. கடல் அதற்கு வெகு தூரம். ஆயினும், இத்தகைய உள்நாட்டு ஊர்களின் வீடுகளுக்குள்ளும் வடகடல் மீன் ஒன்று வெகுகாலத்துக்கு முன்பே புகுந்துவிட்டது. பெரிய மீனொன்றை முதுகில் சுமந்து நிற்கும் செம்படவனின் படம் ஒட்டிய ஸ்காட்ஸ் எமல்ஷன் புட்டியும், தேன் நிறத்தில் பளபளக்கும் மீனெண்ணெய் மாத்திரையும், மெலிந்த குழந்தைகளின் தேகபுஷ்டிக்கென வாங்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த மீனே காட். வட அட்லாண்டிக் சமுத்திரத்தின் குளிர்ந்த நீரில் வாழ்வது.

குளிருக்கும் மீனின் குணத்துக்கும் என்ன சம்பந்தம்? மார்கழியில் நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. மீனின் உடலிலுள்ள கொழுப்பு நெய்யைப் போன்றதாயின், குளிர்ந்த நீரில் அதன் உயிரணுக்களின் சவ்வு இறுகி இயக்கம் குன்றும். ஆதலால், கடுங்குளிரிலும் இளகியே இருக்கும் ஒமேகா-3 என்னும் கொழுப்பு வகையை, கடலின் நுண்பாசியிலிருந்து தொடங்கும் உணவுச் சங்கிலியின் வழியே பெற்று, குளிர்கடல் மீன்கள் தம் தேகத்தில் சேர்த்துக்கொள்கின்றன. சால்மனும் ஹெரிங்கும் இக்கொழுப்பைச் சதையிலேயே தாங்க, காட் அதனை ஈரலில் சேமிக்கிறது. ஆகவே அதன் சதை வெளுத்து மெலிந்தும், ஈரலின் எண்ணெய் ஏ, டி வைட்டமின்கள் செறிந்தும் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போரினால் நார்வேயிலிருந்து வந்த காட் ஈரல் எண்ணெயின் வரவு நின்றபோது, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோழிக்கோட்டில் சுறாவின் ஈரலிலிருந்து எண்ணெய் வடித்தார்கள். நமது கடலும் கொடுக்க வல்லது என்பதற்கு அது ஒரு சாட்சி.

மற்றொரு சாட்சி மத்தி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரையோரத்தில் ஆழத்தின் குளிர்ந்த ஜலம் மேலெழும்பி வர, அதனோடு வரும் சத்துக்களால் நுண்பாசி பெருகுகிறது. அதைத் தின்று கொழுக்கும் மத்தி, மழை ஓய்ந்த மாதங்களில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேலும் கொழுப்புடையதாகிறது. வெப்பக் கடலில் பிறந்ததாயினும், ஒமேகா-3 விஷயத்தில் அது வடகடல் மீன்களுக்கு இளைத்ததன்று.

மண்சட்டியில் கொதிக்கும் புளிக்குழம்பில் நல்ல மத்தியை இட்டால், சற்று நேரத்தில் பொன்னிற எண்ணெய் மேலே மிதந்து படரும். அதுவே அம்மீனின் சாரம். எனவே அதனை எண்ணெயில் முறுகப் பொரிப்பதினும் குழம்பில் வேகவைத்து, அக்குழம்பையும் சோற்றோடு பிசைந்து உண்பதே உத்தமம்.

கொழுத்த மீன் விரைவில் கெடும். கரையிலிருந்து மலையடிவாரம் வரும்வரை ஐஸ் குறையாதிருக்க வேண்டும். கண் தெளிந்து, செவுள் சிவந்து, விரலால் அழுத்திய சதை மீண்டெழும் மீனையே வாங்க வேண்டும். ஐஸின்றிக் கிடந்த கானாங்கெளுத்தியில் உண்டாகும் நஞ்சு, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நீங்காமல் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும்.

மலிவான மீன் என்பதற்காகவே மத்தியை இழிவாக எண்ணுவோர் நம்மில் உண்டு. மீன் உண்ணும் குடும்பத்தார், எட்டாத விலையுள்ள சால்மனுக்கு ஏங்காமல், வாரம் இருமுறை இதனைச் சமைத்துத் தம் குழந்தைகளுக்கு மனமுவந்து பரிமாறுவார்களாக.