ரிப்பேர் ஸ்பீக்கரிலா... காதிலா?

"ஏல, சவுண்டைக் கூட்டுல! என்ன பேசுதான்னே வெளங்கல..."

தூத்துக்குடியில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் வீடு. ராத்திரி படம் போட்டதுமே தாத்தாவிடமிருந்து இப்படி ஒரு குரல். பேரன் சவுண்டைக் கூட்டுகிறான். அடுத்த நிமிஷமே சண்டைக் காட்சி... தொட்டிலில் தூங்கிய குழந்தை வீறிட்டு அழுகிறது!

உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? ரிமோட்டைக் கீழே வையுங்கள். கோளாறு ஸ்பீக்கரிலா, காதிலா என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஸ்பீக்கரைப் பாருங்கள்!

ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர் கொண்ட செட்டில், வசனம் பெரும்பாலும் டி.வி.க்குப் பக்கத்தில் நடுவாக வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். அது மக்கர் செய்தால் வெடிச்சத்தம் காதைப் பிளக்கும். பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும்.

ரிசீவர் மெனுவில் 'டெஸ்ட் டோன்' இருந்தால் போடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்'ஸென்று இரையும். சென்டர் மட்டும் மௌனமா? சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். கடலோர ஊரில் உப்புக் காற்றுதான் முதல் எதிரி. செம்புக் கம்பியின் நுனி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், அதை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, இறுக்கமாக மாட்டுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றில் மட்டும் மாறிப்போனால் சத்தம் சவசவவென்று ஆகிவிடும்.

பக்கத்து ஸ்பீக்கர் ஒன்று ஊமையா? மின்சாரத்தை அணைத்துவிட்டு, ரிசீவர் முனையில் இடது, வலது வயர்களை இடம் மாற்றி, மறுபடி டெஸ்ட் டோன் போடுங்கள். அதே ஸ்பீக்கர் ஊமையென்றால் கோளாறு அதிலோ அதன் வயரிலோதான். ஊமை மறுபக்கம் தாவிவிட்டால் கோளாறு ரிசீவரில். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், நீங்களே திறக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருக்கிறதா? மொத்தச் சத்தத்தைக் கூட்டாமல், மெனுவில் சென்டர் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டிப் பாருங்கள்.

அப்புறம் காது!

அப்போதும் தாத்தா, "சத்தம் கேக்கு, பேச்சுதான் வெளங்கல" என்றால் காதைக் கவனியுங்கள். வயதாகும்போது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறையும். 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகளும் குழந்தைகளின் பேச்சும் நழுவிப்போகும். வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம். எண்ணெய் ஊற்றுவது, குச்சி விட்டுக் குடைவது கூடவே கூடாது. காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டி, கேட்கும் திறனைச் சோதிக்கும் 'ஆடியோகிராம்' எடுத்துவிடுங்கள்.

தாத்தா கடலில் மூழ்கித் தொழில் செய்தவரா? டாக்டரிடம் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். இது முத்துக்குளித்துறை. பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டாலும், சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. காதுக்குள் அது சமப்படாவிட்டால் செவிப்பறையே கிழியலாம்.

கிழிந்த செவிப்பறை பல நேரம் தானே கூடிவிடும். ஆனால், அதிக சத்தத்தால் உள்காதின் நுண்ணிய மயிர் செல்கள் அழிந்தால், மறுபடி முளைப்பதில்லை! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் நான்கு மணி நேரம்தான்! அதாவது, வாரத்துக்கு ஒன்றரைப் படம். கருவி இல்லையா? ஒரு கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் அவசரம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நாள் தள்ளத் தள்ள, கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறையும்.

ஸ்பீக்கர் போனால் கடையில் வேறு வாங்கலாம். காதுக்கு எங்கே போவது?