கோல்ப் பழகுவோர்க்கு ஏற்ற அயர்ன் எது?

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

கிரிக்கெட் ஆடுபவருக்கு ஒரு மட்டை போதும். டென்னிசுக்கும் அவ்வாறே. கோல்ப் ஆடுபவரோ ஒரு பை நிறைய மட்டைகளைச் சுமந்து செல்கிறார். ஸ்காட்லாந்து நாட்டில் 1457ஆம் ஆண்டிலேயே அரசு தடை விதிக்கும் அளவுக்கு மக்களைக் கவர்ந்த ஆட்டம் இது. 1829இல் கல்கத்தாவில் கிளப் அமைந்தபோது இந்திய மண்ணில் கால் ஊன்றியது. நம் உதகையிலும் கொடைக்கானலிலும் ஆங்கிலேயர் காலத்திலேயே திடல்கள் தோன்றின.

"இது செல்வர் ஆட்டம், நமக்கேன்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், தில்லித் திடலில் பிறருடைய பையைச் சுமக்கும் பணியில் தொடங்கியவர். 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற சௌராசியாவின் தந்தை, கல்கத்தாத் திடலில் புல்தரையைப் பேணிய பணியாளர். ஆகவே வாய்ப்புக் கிடைத்தால் நாமும் ஆடலாம். ஆனால் நம்மிடம் பணம் குறைவு. ஆதலால் கருவியைத் தேர்வதில் நாம்தான் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும்.

என்னோடு பழகத் தொடங்கிய நண்பர் ஒருவர், பெரிய வீரர்கள் ஆடுவது போன்ற மெல்லிய தகட்டு அயர்ன்கள் மலிவாகக் கிடைத்தன என்று வாங்கினார். மூன்று மாதம் உழைத்தார். பந்து எழவில்லை, மணிக்கட்டு வலிதான் மிஞ்சியது. ஆட்டத்தை விட்டுவிட்டார். தமக்குத் திறமை இல்லை என்றே அவர் இன்றும் நம்புகிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. கோல்பில் சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதுண்டு. அதனை விளக்குவதே என் நோக்கம்.

அயர்ன் என்பது யாது?

தொலைவுக்கு அடிக்கப் பருத்த தலையுடைய 'வுட்'. குழிக்குள் உருட்டப் 'பட்டர்'. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அடிகளுக்குரியது அயர்ன். இதன் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். எண் கூடக் கூடச் சாய்வும் கூடும். தண்டின் நீளம் குறையும். சாய்வு மிகுந்தால் பந்து உயர எழுந்து அருகில் விழும்; குறைந்தால் தாழ்ந்து நெடுந்தொலைவு செல்லும். முன்னாளில் இவற்றை 'மாஷி', 'நிப்ளிக்' என்றெல்லாம் பெயரிட்டு அழைத்தனர். எண் முறை பின்னர் வந்தது.

தலையின் அமைப்பு

முகம் பந்தைத் தொடும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்நேரத்தில் பந்து முகத்தின் நடுவில் படாவிட்டால் தலை திருகிக்கொள்ளும். பந்து விலகி, வேகமும் இழக்கும். புதியவரின் அடிகள் பெரும்பாலும் நடுவில் படுவதில்லை.

கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடக்கும்போது நீண்ட கோலை ஏன் ஏந்துகிறார்? எடை நடுவிலிருந்து விலகி இருக்குமானால் பொருள் எளிதில் திரும்பாது. வகுப்பில் நாம் படிக்கும் நிலைமத் திருப்புதிறன் இதுவே. கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் இக்கருத்தை மட்டையில் புகுத்தினார். முதுகுப் பக்கத்தைக் குடைந்து, அந்த எடையை விளிம்புகளுக்கு மாற்றினார். அவருடைய 'பிங்' நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'ஐ 2' என்னும் அயர்ன் இம்முறையைப் பெரிதும் பரப்பியது. முதுகு குடைந்த அயர்ன், நடுவிலிருந்து சற்று விலகிப்பட்ட அடியையும் ஓரளவு காப்பாற்றும். தகட்டு அயர்ன் அவ்வாறு காப்பாற்றாது.

அடிப்பாகத்தையும் நோக்க வேண்டும். மெல்லிய அடிப்பாகம் கலப்பைக் கொழுவைப் போல மண்ணில் இறங்கும். அகன்றது பரம்புப் பலகையைப் போல வழுக்கிச் செல்லும். எடை தாழ்வாக அமைந்த தலையில் பந்து எளிதாக மேலெழும். பழகுவோர்க்கு முதுகு குடைந்ததும் அடி அகன்றதுமான தலையே நன்று.

எண்ணை நம்பலாமா?

முற்காலத்து ஏழாம் எண் அயர்னில் சாய்வு 36 பாகைக்கு மேலும் இருந்தது. இன்று புதியவர்க்கென விற்கப்படும் ஏழாம் எண்ணில் 28 பாகை அளவிலும் உண்டு. பழைய ஐந்தாம் எண்ணே இன்று ஏழு என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிறது எனலாம். "இந்த ஏழாம் எண் மற்றதைவிட நெடுந்தொலைவு செல்கிறது" என்று கடைக்காரர் சொன்னால், சாய்வு எத்தனை பாகை என்று கேளுங்கள். வெவ்வேறு தொகுதிகளிலிருந்து பழைய மட்டைகளைச் சேர்ப்பவர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இல்லாவிடில் இரண்டு மட்டைகள் ஒரே தொலைவைத் தரும்.

தண்டும் நீளமும்

பிரிட்டனில் 1929 வரை மரத்தண்டே விதிப்படி ஏற்கப்பட்டது. பின்னர் எஃகு வந்தது. அதன்பின் கரிநார்த் தண்டு வந்தது. எஃகுத் தண்டு பெரும்பாலும் 90 முதல் 130 கிராம் வரை எடை கொண்டது. கரிநார்த் தண்டு அதைவிட இலேசானது, கை அதிர்வும் குறைவு, விலை மிகுதி. மென்மையாக வீசுவோரும் மூட்டு வலி உடையோரும் கரிநாரை நாடலாம். நல்ல உடல் வலிமை உள்ள மாணவர்க்கு இலேசான எஃகே போதும். தண்டின் விறைப்பும் வீச்சின் வேகத்துக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். விறைத்த தண்டே வீரனுக்கு அழகு என்று எண்ணி வாங்குவது வீண்.

ஆண்களுக்கான ஏழாம் எண் அயர்னின் நீளம் பொதுவாக 37 அங்குலம். உயரத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்தல் கூடாது. நிமிர்ந்து நின்று, மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்து பார்க்க வேண்டும். தலை தரையில் படியும் கோணத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அடிப்பாகத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, பலகைமேல் வைத்த பந்தை அடியுங்கள். உராய்ந்த தடம் தண்டை ஒட்டிய குதிப் பக்கம் இருந்தால் நுனி தூக்கி நிற்கிறது என்று பொருள். வலக்கையர்க்குப் பந்து இடப்புறம் செல்லும். தடம் நுனிப் பக்கம் இருந்தால் வலப்புறம் செல்லும். வீச்சில் குற்றம் தேடுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

எத்தனை வேண்டும்?

அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் 1939இலும், ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் கொண்டு செல்லலாகாது என விதி செய்தனர். அது உச்ச வரம்பு; 14 இருந்தே ஆக வேண்டும் என்பதன்று. ஸ்பெயின் நாட்டு வீரர் செவே பயெஸ்தரோஸ் சிறுவயதில் ஒரேயொரு மூன்றாம் எண் அயர்னைக் கொண்டு கடற்கரையில் பழகியவர். 1979இல், தம் 22ஆம் வயதில், பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். ஆனால் மூன்றாம் எண் புதியவர்க்குக் கடினமானது. ஏழாம் எண், ஒன்பதாம் எண், 'பிட்சிங் வெட்ஜ்', 'சாண்ட் வெட்ஜ்' ஆகிய நான்கும், ஒரு வுட்டும், ஒரு பட்டரும் இருந்தால் ஓராண்டு பழகலாம். நான் இவ்வாறுதான் பழகி வருகிறேன்.

பழைய மட்டையை வாங்குவோர் தண்டில் துரு, வளைவு, முகத்தின் வரிப்பள்ளங்களில் தேய்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிடி இறுகிப்போயிருந்தால் கவலையில்லை. சிறு செலவில் மாற்றிவிடலாம்.

இறுதியாக ஒன்று. வாங்குமுன் பத்துப் பந்துகள் அடித்துப் பாருங்கள். அவற்றுள் மிக நன்றாகச் சென்ற ஒன்று உங்களை மயக்கும், அதை மறந்துவிடுங்கள். தவறிய அடிகள் எங்கே விழுந்தன என்று பாருங்கள். எந்த மட்டையில் தவறிய அடியும் பெரிதாக விலகாமல் செல்கிறதோ, அதுவே உங்களுக்குரிய மட்டை. பெரிய வீரரின் பையில் இருப்பது அவர் திறமைக்குச் சான்று. நம் பையில் இருப்பது நாம் கற்க உதவ வேண்டும்.