வெள்ளை மாளிகைக்குப் போகும் பாதை – 7
270 என்ற கோடு

1970-ல் அமெரிக்க செனட்டில் நேரடித் தேர்தலுக்கான அரசியல் சட்டத் திருத்தம் மடிந்த கதையைக் கடந்த வாரம் பார்த்தோம். கீழவையில் 338-க்கு 70 என்று நிறைவேறிய மசோதா அது. தென்மாநில, சிறு மாநில செனட்டர்கள் பேசிப் பேசியே வாக்கெடுப்புக்கு வரவிடாமல் செய்தார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து அதன் விலை தெரிந்தது. 2000-ல் அல் கோர் நாடு முழுவதும் 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் முந்தினார். ஃப்ளோரிடாவில் 537 வாக்குகளில் முந்திய புஷ், அந்த மாநிலத்தின் சார்பில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் 25 தேர்வாளர்களையும் பெற்று ஜனாதிபதியானார். மறு ஆண்டே சட்டப் பேராசிரியர் ராபர்ட் பென்னட்டும், அவரையடுத்து இந்திய வம்சாவளியினரான அகில் அமர், விக்ரம் அமர் சகோதரர்களும் வேறு வழியைச் சொன்னார்கள். திருத்தமே வேண்டாம். தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அரசியல் சட்டம் மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டிருக்கிறது. மாநிலங்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தால் போதும்.

‘எங்கள் மாநிலத்தில் யார் ஜெயித்தாலும், நாடு முழுவதும் அதிக வாக்கு வாங்கியவருக்கே எங்கள் தேர்வாளர்கள்’ – ஒப்பந்தம் இவ்வளவுதான். மொத்தம் 538 தேர்வாளர்கள். சேர்ந்த மாநிலங்களின் பலம் 270-ஐத் தொடும்வரை அது உறங்கும். 2007-ல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது. 2024-ல் மேய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனுமாக 209 ஆனது.

ஒருவரின் வாக்கு அவர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுவது அநீதி. அதனால் இந்த ஒப்பந்தம் வெல்ல வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால், 2024 முடிவை அதில் பொருத்திப் பாருங்கள். நாடு முழுவதும் அதிக வாக்கு வாங்கியவர் ட்ரம்ப். ஒப்பந்தம் நடைமுறையில் இருந்திருந்தால், கமலா ஹாரிஸை ஆதரித்த கலிஃபோர்னியா தன் 54 தேர்வாளர்களையும் ட்ரம்புக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்த இரவில் அங்கே தெருக்கள் எப்படி இருந்திருக்கும்! ஒப்பந்தத்தை எழுதியவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். தேர்தல் ஆண்டின் ஜூலை 20-க்குப் பிறகு விலக முடிவெடுத்தாலும், புதிய ஜனாதிபதி பதவியேற்கும்வரை அது செல்லாது. ஒப்பந்தத்தின் உயிர் இந்த ஆறு மாத விதியில்தான் இருக்கிறது. கோபத்தில் கொதிக்கும் ஒரு சட்டமன்றத்தை அது கட்டிப்போடுமா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு வழக்கும் காத்திருக்கிறது. நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்யக் கூடாது என்கிறது அரசியல் சட்டம். மத்திய அரசின் அதிகாரத்தைக் குறைக்கும் ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1893-ல் விளக்கியது. ஆதரவாளர்கள் அந்தத் தீர்ப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அதற்கெல்லாம் முன்னால் எண்ணிக்கை சேர வேண்டும். மேய்ன் வரை கையெழுத்திட்ட அத்தனை மாநிலங்களும் 2024-ல் ஹாரிஸ் பக்கம் நின்றவை. மேய்ன் சேர்ந்தபோது 209-க்கு மேல் இன்னும் 61 தேவைப்பட்டது. பென்சில்வேனியாவிடம் 19, மிச்சிகனிடம் 15 இருக்கின்றன. வேட்பாளர்கள் நாள்கணக்கில் முகாமிட்டு, கோடிகளைக் கொட்டும் மாநிலங்கள் அவை. இப்போதைய முறையால் அதிகம் லாபம் பெறுவதும் அவைதான்.

(தொடரும்)