கணினியின் கண்ணுக்கு நிறம் எதற்கு?

தீபாவளிக் காலத்தில், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடைதோறும் சேலைகள் தொங்கும். அங்குப் பச்சைத் திரையொன்றின் முன்னே, சிவப்புச் சேலை உடுத்த பெண்ணொருத்தி நடந்து செல்வதாகக் கொள்வோம். அவளது நகர்வு நம் கண்ணுக்கு உடனே புலப்படும். கணினிக்கோ அச்சேலை புலப்படாமலே போகக்கூடும். காரணம் யாது?

அடுத்தடுத்து எடுத்த இரு படங்களை ஒப்பிட்டே கணினி நகர்வைக் கணிக்கிறது. இதற்கு ஹார்ன், ஷங்க் என்னும் அறிஞர் இருவர் 1981இல் ஒரு முறை வகுத்தனர். புள்ளி இடம்பெயர்ந்தாலும் அதன் ஒளிர்வு மாறாது என்பதே அதன் அடிப்படை. ஆனால் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஒரே சமன்பாடு; அறிய வேண்டியவையோ கிடைவேகம், குத்துவேகம் என இரண்டு. அண்டைப் புள்ளிகள் பெரும்பாலும் ஒத்து நகரும் என்று கொண்டே அக்குறையை நிரப்பினர்.

கணக்கை எளிதாக்க, வண்ணப் படத்தைச் சாம்பல் நிறமாக்குவது வழக்கம். அப்போது சிவப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடும், பச்சையில் 59 விழுக்காடும், நீலத்தில் 11 விழுக்காடும் எடுத்துக் கூட்டுவர். அவ்வாறு கூட்டினால் 200 அளவுள்ள சிவப்பும், 102 அளவுள்ள பச்சையும் ஏறத்தாழ 60 என்றே முடியும். சேலையும் திரையும் ஒன்றாகிவிட்டன! விளிம்பு மறைந்தால் நகர்வும் மறையும்.

நிறங்களைத் தனித்தனியே வைத்துக்கொண்டாலோ, புள்ளிக்கு மூன்று சமன்பாடுகள் கிடைக்கின்றன. எனினும் மூன்று சாட்சிகளும் ஒரே சொல்லைச் சொன்னால் அது ஒரு சாட்சியே. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் சாலையோரக் கல்லில் மூன்று நிறங்களும் ஒருங்கே மாறுவதால், அங்கே புதுப் பயன் இல்லை.

நிழலிலும் நிறம் துணை நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையின் மேலே செல்லும் மோனோரயில் பாதையின் நிழலுக்குள் ஒருவர் நுழைந்தால், அவர்மேல் விழும் ஒளி குறையும். ஒளிர்வு மாறாது என்ற அடிப்படை அங்கே பொய்த்துவிடும். ஆனால் 200, 100, 50 என்றிருந்த மூன்று நிறங்கள் 100, 50, 25 ஆகக் குறைந்தாலும், 4:2:1 என்ற விகிதம் மாறவில்லை. இத்தகைய விகிதத்தைக் கொண்டு நகர்வைக் கணிக்கும் வழியைக் கோலண்ட், புருக்ஸ்டைன் ஆகியோர் 1997இல் ஆராய்ந்தனர்.

இதற்கும் எல்லையுண்டு. நிழலில் வானொளியின் நீலம் மிகுந்தால் விகிதம் சற்றே பிறழும். இருளில் சிறு பிழையும் பெரிதாகும். ஆகவே ஒளிர்வையும் நிறத்தையும் இடமறிந்து இணைப்பதே அறிவுடைமை. தானே பிரேக் போடும் கார், நிழலுக்குள் நடப்பவரைக் காணத் தவறினால் போவது ஓர் உயிரல்லவா?